ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள்



சின்னசேலத்திலிருந்து உங்கள் தமிழ் டீச்சர் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் பேச ஆரம்பித்தால் பெல் அடித்தாலும் நிறுத்த மாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வேலையாக இருப்பவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். கீழே எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.

போன வாரம் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன் செய்தாள். இப்போது கள்ளக்குறிச்சியில் இருக்கிறாள். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறது.

"டீச்சர், பாப்பாவுக்கு கிரியேட்டிவிட்டி கம்மியா இருக்குன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. டிராயிங் கிளாஸ்ல சேர்க்கலாம்னு பார்க்கிறேன். நல்ல இடமா இருந்தா சொல்லுங்க டீச்சர்."

"சனி, ஞாயிறு பாப்பா என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன்.

சொன்னாள். சனிக்கிழமை காலை அபாகஸ். மதியம் இந்தி. சாயங்காலம் ஃபோனிக்ஸ். ஞாயிறு காலை கையெழுத்துப் பயிற்சி, அது முடிந்து கீபோர்ட். "ஞாயித்துக்கிழமை ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் ஃப்ரீயாத்தான் இருக்கா டீச்சர். அந்த நேரத்துல டிராயிங் போட்டா சரியா இருக்கும்."

"அப்ப நீ?"

"நான்தான் டீச்சர் வண்டியில கொண்டு போய் விட்டுக் கூட்டிட்டு வர்றேன். நடுவுல வந்து சமைக்கணும்."

இந்தப் பெண் யார் தெரியுமா? கட்டுரைப் போட்டி என்றால் அவள் பெயரைத்தான் முதலில் எழுதுவேன். ரஃப் நோட்டின் பின்பக்கம் முழுக்கக் கதையாக எழுதி வைத்திருப்பாள். ஒருமுறை சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷனில் தூங்கிப்போய் ரயிலைத் தவறவிட்ட ஒரு மூட்டை மக்காச்சோளம் தன் கதையைத் தானே சொல்வதுபோல எழுதியிருந்தாள். ஆசிரியர் அறையில் அதை வாசித்துக் காட்டி எல்லோரும் சிரித்தோம். "இப்பவும் எழுதுறியாடி?" என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். "எங்க டீச்சர் நேரம்?"

போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வீட்டில் கிரியேட்டிவிட்டி குறைந்துபோனது பாப்பாவுக்கு மட்டும்தானா? அது எங்கே போனது என்று யாராவது கேட்டார்களா? மீதமிருந்த இரண்டு மணி நேரத்தையும் பிடுங்கிக்கொண்டால் அது திரும்பி வந்துவிடுமா?

வராது. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையை வகுப்புகளுக்கு விற்றுவிட்டோம். அம்மாவின் ஞாயிற்றுக்கிழமையை அடுப்படிக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். இரண்டையும் திருப்பிக் கொடுக்காமல் எந்த வகுப்பில் சேர்த்தாலும் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலைதான்.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். தப்பிக்க முடியாது, உட்காருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. பம்பாய் பஞ்சாலைகளில் வாரம் முழுக்க ஓய்வில்லாமல் வேலை வாங்கிய காலத்தில், நாராயண் மேகாஜி லோகண்டே என்ற தொழிற்சங்கத் தலைவர் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைத் திரட்டி வருடக்கணக்கில் போராடினார். 1890ஆம் ஆண்டு ஜூனில்தான் மில் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 52ஆம் பிரிவே வார விடுமுறைக்கானதாக இருந்தது. இரும்பு உருக்குகிறவருக்கும் நூல் நூற்கிறவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டாமா?

அதற்கும் எழுத்தில் இருக்கிறது. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றது. அதன் 31ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் கலைகளில் பங்கெடுப்பதும் குழந்தையின் உரிமை என்கிறது. உரிமை என்ற சொல்லைக் கவனியுங்கள். நல்ல மதிப்பெண் வாங்கினால் கொடுக்கிற பரிசு என்று அதில் இல்லை.

நம் ஊர் எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் தெரியுமல்லவா? மால்குடிக் கதைகள் எழுதியவர், சென்னையில் பிறந்தவர். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது 1989இல் அவர் அங்கே எழுந்து பேசியது எதைப் பற்றி? பிள்ளைகளின் புத்தகப் பையின் கனத்தைப் பற்றி. காலையிலிருந்து இரவு வரை பள்ளி, வீட்டுப்பாடம் என்று குழந்தைப் பருவமே காணாமல் போவதைப் பற்றி. அந்தப் பேச்சு எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாகத்தான் மத்திய அரசு விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் ஒரு குழு போட்டது. 'சுமையற்ற கற்றல்' என்று 1993இல் அறிக்கையும் வந்தது. 30 வருடத்துக்கு மேல் ஆயிற்று. பையின் கனம் குறைந்ததோ இல்லையோ, நாம் வார விடுமுறையின் மேலும் ஒரு பையை ஏற்றி வைத்துவிட்டோம்.

பள்ளிகளை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் நான் நேர்மையானவள் அல்ல. ஆகவே என் குற்றத்தையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். புதன்கிழமை நாலாவது பீரியட் ஓவியம். அது எத்தனை தடவை ஓவியமாக நடந்தது? இலக்கணம் முடியவில்லை என்று நான் வாங்கிக்கொள்வேன். நான் விட்டால் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். பி.டி. பீரியடுக்கும் அதே கதிதான். 'கடன்' என்றுதான் சொல்வோம். ஒரு தடவையாவது திருப்பிக் கொடுத்தோமா? 2012இல் அரசு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று நியமித்தது. வாரத்தில் மூன்று அரை நாள் அவர்களுக்கு வேலை. பள்ளிக்கூடம் ஓவியத்துக்கு எந்த இடம் கொடுத்தது என்பது அந்த மூன்று அரை நாளிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சாக்பீஸில் காம்பஸ் முனையால் ஏதோ செதுக்கிக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தால் விரல் நீளப் பிள்ளையார். தும்பிக்கையின் மடிப்பு வரை இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "கவர்மெண்ட் சாக்பீஸை வீணாக்குறியா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளையாரைப் பிடித்தே கரும்பலகையில் எழுதினேன். தேய்ந்துபோகிற வரைக்கும் எழுதினேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அவன் மரச்சிற்ப வேலை செய்கிற குடும்பத்துப் பிள்ளை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை அது. கோவில் தேருக்கும் வாகனத்துக்கும் வீட்டு வாசக்காலுக்கும் செதுக்கிய கைகள். இரண்டு வருடத்துக்கு முன் அவனே வந்து என்னைத் தன் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பாதி செதுக்கிய யாளி ஒன்று நின்றது. "யாருப்பா உனக்குக் கத்துக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"யாரும் கத்துக் கொடுக்கல டீச்சர். லீவு நாள்ல அப்பா பக்கத்துல உக்காந்திருப்பேன். வேண்டாத கட்டை ஒண்ணும் மொட்டை உளி ஒண்ணும் குடுப்பாரு. என்ன செய்யணும்னு சொல்ல மாட்டாரு. கெட்டுப்போனா அடுப்புக்குப் போகும், அவ்வளவுதான்."

வேண்டாத கட்டை. மொட்டை உளி. பக்கத்தில் வேலை செய்கிற ஒரு பெரியவர். கெட்டுப்போனாலும் யாரும் திட்டாத ஒரு லீவு நாள். இவ்வளவுதான் வேண்டும் கண்ணுகளா. இதில் கடைசிச் சாமானைத்தான் நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. கெட்டுப்போக அனுமதி இல்லாத இடத்தில் புதிதாக எதுவும் பிறக்காது. இன்றைய கிரியேட்டிவிட்டி வகுப்பில் என்ன நடக்கிறது? இருபது பிள்ளைகளும் ஒரே மயிலை வரைகிறார்கள். ஒரே இடத்தில் ஒரே நீலத்தைத் தீட்டுகிறார்கள். கோட்டுக்கு வெளியே போனால் ரப்பர். ஆண்டு விழாவில் மெடல். வரைகிற பழக்கமும் கை நிதானமும் வரட்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் படைப்பாற்றல் என்று பெயர் வைத்து விற்காதீர்கள்.

பள்ளியில் கொடுக்கிற 'புராஜெக்ட்' கதையும் தெரிந்ததுதானே. தெர்மாகோலில் சூரியக் குடும்பம். ராத்திரி பதினோரு மணிக்கு அதை வெட்டிக்கொண்டிருப்பது யார்? அம்மா. பிள்ளை தூங்கிவிட்டது. மறுநாள் பிள்ளைக்கு ஸ்டார். உண்மையைச் சொல்லுங்கள், அந்த ஸ்டார் யாருக்குச் சேர வேண்டியது?

"சும்மா இருந்தால் மூளை மழுங்கிப் போகும் டீச்சர்" என்கிறீர்கள். மூளை சும்மாவே இருப்பதில்லை. அமெரிக்காவில் மார்கஸ் ரெய்க்கிள் என்ற நரம்பியல் அறிஞரும் அவருடன் இருந்தவர்களும் 2001இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குறிப்பிட்ட வேலை எதுவும் கொடுக்காமல் விட்ட நேரத்தில் மூளையின் சில பகுதிகள் இன்னும் மும்முரமாக இயங்குகின்றன என்பது அதில் தெரிய வந்தது. பழைய நினைவைப் புரட்டுவது, நாளையை யோசிப்பது, இல்லாததைக் கற்பனை செய்வது எல்லாம் அந்தப் பகுதிகளோடு தொடர்புள்ளவை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. திண்ணையில் உட்கார்ந்து எறும்பைப் பார்க்கிற பிள்ளை நேரத்தை வீணடிக்கவில்லை. நீங்கள் பணம் கட்டி வாங்கப் பார்ப்பதை அது இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது.

இப்போது அம்மாக்களுக்கு வருகிறேன். நானும் ஒரு அம்மா. இதுவரை எழுதியதைவிட இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

நாங்களும் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் வழியாகப் போய், கோமுகி அணையில் கொஞ்ச நேரம். பிறகு மலைப்பாதையில் ஏறினால் பெரியார் அருவி. இன்னும் மேலே வெள்ளிமலை, கரியாலூர். கரியாலூரில் படகு. பலாப்பழ சீசனில் போனால் பழத்தோடும் வருவோம். என் பிள்ளைகள் இருவரும் இன்றைக்கும் அதைச் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

நான்கு மாதத்துக்கு முன் மகள் வந்திருந்தாள். பழைய ஆல்பத்தை எடுத்துத் தன் பெண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அருவியில் மாமா, பாறைமேல் அம்மா, படகில் தாத்தா. பேத்தி கேட்டது, "ஆயா எங்கம்மா?"

மகள் புரட்டினாள். பின்னுக்குப் புரட்டினாள். எந்தப் படத்திலும் நான் இல்லை. ஒரே ஒரு போட்டோவின் ஓரத்தில் தூக்குச்சட்டியும் அதைப் பிடித்திருந்த ஒரு கையும் தெரிந்தன. வளையலை வைத்து, "இதுதான் ஆயா" என்றாள்.

பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா, இத்தனை தடவை போயிருக்கோம், நீ தண்ணில கால் வச்சு நான் பார்த்ததே இல்லையே?"

நான் என்ன சொல்வேன்? அன்றைக்கு நான் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்திருப்பேன். புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிள்ளைக்குத் தனியாக இட்லி. தட்டு, டம்ளர், துண்டு, மாற்றுத் துணி, வாந்திக்கு எலுமிச்சம்பழம். அங்கே போனதும் பாய் விரித்து, குரங்கு வராமல் பையைக் காத்து, பரிமாறி, பாத்திரம் கழுவி மூட்டை கட்டுவேன். வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணி துவைத்து, ராத்திரிக்கு ரசம் வைப்பேன். மறுநாள் திங்கட்கிழமை, பள்ளிக்கூடம். வீட்டில் எல்லோருக்கும் அது உல்லாசப் பயணம். எனக்கு மட்டும் அடுப்படி அருவிக்கரைக்கு மாறியது.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் யாரும் "நீ போய் நனைஞ்சுட்டு வா, பையை நான் பார்க்கிறேன்" என்று சொல்லவும் இல்லை. சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. என் கோபம் அதன் மேல்தான்.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில், அதைச் செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். 289 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்குப் பதினொரு நிமிடம்தான் குறைவு. 2019இல் எடுத்த ஆய்வில் இது 299 ஆக இருந்தது. ஐந்து வருடத்தில் பத்து நிமிடம் மிச்சம். இந்த வேகத்தில் போனால் அம்மாவுக்கு ஒரு ஞாயிறு எப்போது கிடைக்கும் என்று கணக்கு சார்கள் போட்டுச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது அதற்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். உதவித் தொகை என்று வைக்கவில்லை. வீட்டில் செய்கிற வேலையும் வேலைதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பெயர். வேலை என்று ஒப்புக்கொண்டால் அதற்கு வார விடுமுறையும் உண்டு என்று வீடுதானே ஒப்புக்கொள்ள வேண்டும்?

"அம்மாக்களுக்கு எதுக்கு டீச்சர் கிரியேட்டிவிட்டி?" என்று ஒருத்தன் நிச்சயம் கேட்பான். அவனுக்காக வை.மு.கோதைநாயகி அம்மாள் கதை. 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். அப்படி வந்ததுதான் 'இந்திர மோகனா'. பிறகு தானே எழுதக் கற்று, 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். அவருக்கு வீட்டில் ஆதரவு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதித்தர ஒரு தோழி இருந்தாள். அந்தத் தோழிக்கு அன்றைக்கு வேலை இருந்திருந்தால்? எத்தனை கோதைநாயகிகள் சொல்ல ஆளில்லாமல் வாய்க்குள்ளேயே கதையை வைத்துக்கொண்டு ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்களோ!

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மார்கழியில் அவர் போடுகிற கோலம் ஒருநாள் போட்டது மறுநாள் வராது. 21 புள்ளி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பார். கை அசையாது. "என்னம்மா நிக்கிற?" என்று கேட்டால், "இரு, அது வருது" என்பார். அந்த நிற்கிற நேரம் அவருக்கு வருடத்தில் ஒரு மாதம் மட்டும்தான், அதுவும் ஊர் எழுந்திருக்கும் முன்னால். மீதிப் பதினொரு மாதமும் அது வந்திருக்கும். பார்க்கத்தான் நேரமில்லை.

பிள்ளைக்குப் படைப்பாற்றல் வேண்டும் என்று அலைகிற வீடு, அதைப் பிள்ளை எங்கே பார்த்துக் கற்கும் என்று யோசிக்க வேண்டாமா? அந்தச் சிற்பி மகன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கற்றான். உங்கள் பிள்ளை உட்கார்ந்து பார்க்க வீட்டில் யார் ஆசையாக ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள்? அப்பா கையில் செல்போன். அம்மா கையில் கரண்டி. பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு வருகிறீர்கள். அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதட்டும், பாடட்டும், தைக்கட்டும், சும்மா படிக்கட்டும். பிள்ளை அதைப் பார்க்கட்டும். கட்டணம் இல்லாத வகுப்பு அதுதான்.

நீங்கள் என்னென்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருடம் உங்களைப் போன்றவர்களுக்குப் பதில் சொன்னவள்.

"போட்டி உலகம் டீச்சர், பின்தங்கிடுவாங்க." வாரத்தில் ஆறு நாளைப் போட்டிக்குக் கொடுங்கள். ஒரு நாளைக் கேட்கிறேன். ஏழாவது நாளும் ஓடினால்தான் ஜெயிக்க முடியும் என்கிற பந்தயத்தில் பிள்ளை ஜெயித்தாலும் நீங்கள் தோற்றுப்போவீர்கள். இருபது வயதில் அது உங்களோடு பேச உட்காராது.

"லீவு விட்டா செல்போன்தான் டீச்சர் பார்க்குது." ஆமாம். முதல் இரண்டு வாரம் "போரடிக்குது" என்று உயிரை வாங்கும். அப்போது போனைக் கொடுத்தீர்களானால் கதை முடிந்தது. கொடுக்காதீர்கள். உங்களுடையதையும் எடுத்துப் பீரோவில் வையுங்கள். மூன்றாவது வாரம் அது தானாக ஏதாவது ஒன்றை எடுத்து ஒட்டவோ உடைக்கவோ ஆரம்பிக்கும்.

"எங்களுக்கு ஞாயித்துக்கிழமையும் வேலைதான் டீச்சர்." இதுதான் நியாயமான கேள்வி. கடை வைத்திருக்கிறவர்கள், ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், மலையிலிருந்து வெளிமாநிலத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குக் கிழமை முக்கியமில்லை. வாரத்தில் எந்த நாளோ, ஒரு அரை நாள் போதும். பணம் வேண்டியதில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வேலைக்குப் போக மட்டும்தான் அந்த இலவசம் என்று யார் சொன்னது? ஏரிக்கரைக்குப் போகலாம். தங்கச்சி வீட்டுக்குப் போகலாம். ஒன்றுமே இல்லாவிட்டால் அடுத்த ஊர் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து போய்விட்டு வரலாம்.

"எங்க வீட்ல அம்மாவுக்குச் சமைக்கிறதுதான் பிடிக்கும் டீச்சர்." அப்படியா? ஒரு ஞாயிறு சமைக்க வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அப்புறமும் அவராகவே போய் அடுப்பைப் பற்ற வைத்தால் பிடிக்கும் என்று அர்த்தம். இதுவரை யாரும் கேட்காமலே முடிவு செய்துவிட்டோம்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். டீச்சர் கொடுக்கிற கடைசி வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாள் எந்த வகுப்பும் வேண்டாம். பள்ளி நடத்துகிற என் மாணவர்கள் இருக்கிறீர்கள், ஞாயிறு சிறப்பு வகுப்பை நீங்களே நிறுத்துங்கள். ஆசிரியராக இருக்கிற என் மாணவர்கள், ஓவிய பீரியடைக் கடன் வாங்காதீர்கள். மாதம் ஒருமுறை வெளியே போங்கள். போகிற அன்றைக்கு வீட்டில் சமையல் கிடையாது, ஓட்டலில் பார்சல் வாங்குங்கள். முடியாதென்றால் ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டு செய்யுங்கள். பையை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக்கையும் மலையிலேயே போட்டுவிட்டு வராதீர்கள், அது அங்கிருக்கிறவர்களின் வீட்டு வாசல். அம்மாவை ஒரு போட்டோவாவது எடுங்கள், கையை மட்டும் அல்ல.

அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. யாராவது கொடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்து அறுபது வயதைத் தாண்டிவிட்டேன். லோகண்டேயின் தொழிலாளர்களும் கேட்டுத்தான் வாங்கினார்கள்.

போன மாதம் மகள் குடும்பத்தோடு மறுபடியும் மலைக்குப் போனோம். கச்சிராயபாளையத்தில் இட்லியும் பொங்கலும் பார்சல் வாங்கினான் மருமகன். அருவியில் தண்ணீர் குறைவுதான். பையை அவன் மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க போங்க அத்தை" என்றான். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு பாறையில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் வைத்தேன். சில்லென்று முழங்கால் வரை ஏறியது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. யாரும் கூப்பிடவில்லை.

பேத்தி பக்கத்தில் வந்து கூழாங்கற்களை வரிசையாக அடுக்கியது. கலைத்தது. மறுபடி அடுக்கியது. "என்னடி தங்கம் செய்யுற?" என்று கேட்டேன்.

"இரு ஆயா, இன்னும் தெரியல" என்றது.

எனக்கு என் அம்மாவின் கோலம் ஞாபகம் வந்தது. நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

போன் செய்த பெண்ணே, இதைப் படித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். டிராயிங் கிளாஸ் எதுவும் நான் சொல்லப்போவதில்லை. ஞாயிறு இரண்டிலிருந்து நாலு வரை பாப்பாவை அப்படியே விட்டுவிடு. நீயும் பக்கத்தில் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார். அந்த மக்காச்சோள மூட்டை இன்னும் சின்னசேலம் ஸ்டேஷனில்தான் கிடக்கிறது. அதற்கு அடுத்த ரயில் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். எழுதி அனுப்பு. எழுத்துப்பிழை இருந்தாலும் மார்க் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்,
சின்னசேலம்